நிற்காமல் சொன்னால் சரி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பாவின் ரோத்தான் பிரம்புக்குத் தனி ஆணி உண்டு. சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அடித்து வைத்திருந்தார். வருஷக் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது கீழே இறங்கும். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய கதை இது. நானும் தங்கையும் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் படித்தோம். அவள் மூன்றாம் வகுப்பு. நான் அவளுக்கு மூன்று வகுப்பு மேலே.

அப்பா இஞ்சின் பிட்டர். ஆங்கிலம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் ஓடுகிற இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். வெள்ளைக்கார போர்மேனே அவரைக் கூப்பிட்டுக் கேட்பாராம். அந்தக் காதை நம்பித்தான் எங்கள் படிப்பையும் சோதித்தார். தடங்கல் இல்லாமல் ஒப்பித்தால் சரி. திக்கினால் தப்பு, முழங்காலுக்குக் கீழே ஓர் அடி. தங்கைக்கோ யோசித்துப் பேசுகிற சுபாவம். ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு தழும்பு வாங்கினாள்.

"இந்த வருஷம் பெயிலானா பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. அப்புறம் அடுப்படிதான்" என்று முதல் நாளே தங்கையிடம் சொல்லிவிட்டார். அவள் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "பெரியவளே, நீ சொல்லிக் குடு. தப்பா சொன்னா எங்கிட்ட சொல்லு" என்றார்.

இரண்டு நாள் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஓரிடத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. பிரம்பு எழுவதைப் பார்த்தவள், வாய்க்கு வந்ததை அடித்துவிட ஆரம்பித்தாள். கேட்க ஆங்கிலம் மாதிரி இருந்தது, ஆங்கிலம் இல்லை. அப்பா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே, "சரியாம்மா?" என்று என்னைக் கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். "சரிப்பா" என்றேன்.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அன்றைக்கு வேண்டுமானால் அது உண்மை. மறுநாளிலிருந்து எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. "பெரியவ சொல்லிக் குடுத்து சின்னவ பொளந்து கட்றா" என்று அப்பா அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டார். நான் பாத்திரம் கழுவுவதும் நின்றது. ஒருநாள் தங்கை கொல்லைப்புறத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நெசமா சொல்லிக் குடுக்கா. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள்.

"நிக்காம சொல்லு, போதும்லா" என்று கையை உதறினேன்.

பரீட்சையன்று பள்ளித் தலைவியான மதர் ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னாராம். தங்கை புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளியிருக்கிறாள். காய்ச்சலோ என்று மதர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். வகுப்பே சிரித்திருக்கிறது.

தங்கை பெயில் என்று ரிப்போர்ட் கார்டு வந்ததும் அப்பா என்னைத்தான் கேட்டார்: "நீ சரின்னுதானே சொன்னே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வீட்டுல ஒழுங்காத்தான் சொன்னா. அங்க போயி திமிருல சொல்லாம விட்டிருப்பா" என்றேன்.

அன்று அடித்த அடியில் பிரம்பின் நுனி பிளந்தது. அப்போதும் தங்கை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஜனவரியில் நான் மட்டும் பள்ளிக்குக் கிளம்பினேன். அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமலேயே தாண்டிப் போனேன்.

நான் ஆசிரியை ஆனேன், நல்லாசிரியை என்று பெயரும் எடுத்தேன். அவளைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்தார்கள். யுத்தமெல்லாம் முடிந்து பல காலம் கழித்து, ஒரு வருஷக் கடைசியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வரியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"குடும்மா, பெரியம்மா சொல்லித் தரேன்" என்று கையை நீட்டினேன்.

அடுப்படியிலிருந்து தங்கை ஈரக் கையோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை. வேண்டாத காய்கறியைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் சொன்னாள்.

"வேணாங்க்கா. பெயிலானாலும் அவளாவே ஆகட்டும்."