ஐந்து சுற்று நின்றால்தான் கணக்கு

கிலேன் கூனாஸை அடக்கம் செய்த நாளில் தூறல் போட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் குடையை விரித்தார்கள். இரண்டு பேர் மட்டும் விரிக்கவில்லை. முதலில் அண்ணாந்து, தலைக்கு மேலிருந்த ஊசியிலை மரத்தைப் பார்த்தார்கள். பிறகு நாலடி தள்ளிப்போய்த் திறந்த வெளியில் உள்ளங்கையை நீட்டினார்கள். மழைதான் என்று உறுதியான பிறகு ஒருவன் குடையை விரித்தான், மற்றவன் அதற்குள் வந்து நின்றான். ஒரே அணியில் கார்ப் பந்தயம் ஓட்டிய காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் இருந்தவர்கள் அவர்கள்.

கிலேன் இருபத்தாறு குளிர்காலம் ஆர்தென் மலைச் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். காலையில் வண்டியை எடுக்குமுன் சாலையில் பூட்ஸ் குதிகாலை வைத்து ஒரு திருகு திருகிப் பார்ப்பாள். உறைபனி எவ்வளவு, டயர் எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தத் திருகலில் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு முறைதான் பேருந்து பள்ளத்தில் இறங்கியது. அன்றைக்கும் பிள்ளைகள் கைதட்டினார்களாம். ஊரில் அவளைக் கேலி செய்ய வேறு விஷயம் கிடைக்காததால் அதையே இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய இந்த ஞானத்தைப் பயன்படுத்திக்கொள்ள நினைத்தவன் ஓடோன் பிரோத். அவன் ஒரு கார் பட்டறைக்காரன். இரண்டு பந்தயக் கார்கள் வைத்து ஒரு சிறிய அணி நடத்திவந்தான். எங்கள் மலைப் பந்தயப் பாதை நீளமானது. கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட்டில் வெயில் அடிக்கும்போது, மறுகோடியில் சுண்ணாம்புச் சூளை வளைவில் மழை கொட்டும். அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கிலேன் வாக்கிடாக்கியும் காப்பி ஃபிளாஸ்கும் எடுத்துக்கொண்டு அந்த வளைவின் வேலியோரம் போய் நின்றாள். வெளியூர்ப் பந்தயங்களுக்கும் அணியோடு போனாள்.

அவள் வைத்திருந்த கருவி ஒரு பீர்ப் பெட்டியின் அட்டை. அதை வேலியில் மாட்டுவாள். முதலில் ஓடும் கார் அவளைக் கடந்து ஒரு சுற்று முடித்துத் திரும்பி வருவதற்குள் அட்டை முழுக்க நனைந்துவிட்டால், மழை டயர். பாதி நனைந்தால் பொறுத்துப் பார்க்கலாம். புள்ளி புள்ளியாக இருந்தால் மொட்டை டயரிலேயே ஓட்டலாம். காய்ந்த தரைக்கென்று வரியே இல்லாமல் வார்த்த அந்த டயரை எங்கள் பட்டறையில் மொட்டை என்றுதான் சொல்வார்கள். ஆறு வருடத்தில் அவள் சொன்னது ஒரு முறை கூடப் பொய்த்ததில்லை.

ஏழாம் வருடம் ஓடோனிடம் ஓட்டியவர்கள் திபோவும் யோரிசும். திபோ கிலேனின் தங்கை மகன், வீட்டுக் கூரைக்குக் கற்பலகை வேய்கிறவன். யோரிஸ் வடக்கேயிருந்து வந்த ஃபிளெமிஷ்காரன்; எங்களுக்குப் பிரெஞ்சு, அவனுக்கு ஃபிளெமிஷ். வாய் திறந்தால் குத்தல். அணியில் டயர் மாற்ற இருந்தது ஒரே குழு. இரண்டு கார்களும் ஒரே சுற்றில் உள்ளே வந்தால் பின்னால் வந்தது காத்து நிற்க வேண்டியதுதான். அதனால் முன்னால் ஓடுகிறவனுக்கே முதல் முறை என்று ஓடோன் விதி வைத்திருந்தான். மழை வரும் நாளில் ஒரு கார் நீளம் முன்னால் இருப்பது அரை நிமிடத்துக்குச் சமம். இருவரும் மற்ற அணிகளை விட்டுவிட்டுத் தங்களுக்குள் முட்டிக்கொண்டதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, அடுத்த வருடம் ஒரே காரைத்தான் ஓட்டப் போவதாகவும், புள்ளியில் முன்னால் நிற்பவனுக்கே அது என்றும் ஓடோன் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது.

உருளைக்கிழங்கு வறுவல் கடையில் ஒருநாள் யோரிஸ் அவளைக் கேட்டான்.

"மதாம், சூளை வளைவுல மழை யாருக்கு முதல்ல பெய்யும்? தங்கச்சி மகனுக்கா?"

"மழைக்கு பிரெஞ்சும் தெரியாது, ஃபிளெமிஷும் தெரியாது" என்றாள் கிலேன். "உன் வறுவல் ஆறுது, சாப்பிடு."

"நல்லா சொன்னீங்க. நான் என் காரோட முன் கண்ணாடியத்தான் நம்புவேன்."

"நம்பு. கண்ணாடி உனக்குப் பெரியம்மா இல்லையே."

வேலியோரம் நின்று அவள் இன்னொரு வேலையும் செய்தாள். அதை யாரும் கேட்கவில்லை. பேருந்தின் பயணக் குறிப்பு எழுதும் நீல நோட்டு ஒன்றில், தன் வளைவில் இருவரும் யாரை முந்தினார்கள், எந்தச் சுற்றில், எப்படி என்று எழுதிவந்தாள்.

திபோ முந்துவதைப் பார்த்தால் வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். எல்லோரும் பிரேக்கை மிதித்த பிறகும் அவன் மிதிக்க மாட்டான். வளைவு தப்பிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைக்கும் நொடியில் உள்பக்கமாக நுழைவான். முன் டயர் ஒன்று சுழலாமல் பூட்டிக்கொண்டு வெள்ளையாகப் புகைவிடும். முந்தப்பட்டவனுக்கே என்ன நடந்தது என்று அடுத்த வளைவில்தான் புரியும். யோரிஸ் முந்துவதைப் பலர் கவனித்ததே இல்லை. நாலு சுற்று, ஐந்து சுற்று ஒருவன் பின்னால் ஒரு கார் இடைவெளி விட்டு வருவான். நேர்ச்சாலையில் ஒதுங்கி, சூடு ஆற டயருக்குக் காற்று காட்டுவான். முன்னால் போகிறவனின் பின் டயர்கள் களைத்து, வளைவைவிட்டு வெளியேறும்போது லேசாக வழுக்கத் தொடங்கும். அப்போது திறந்திருக்கிற வீட்டுக்குள் போவதுபோலப் பக்கத்தில் போய்விடுவான். கிலேனுக்கு இரண்டும் பிடித்தன. திபோவைப் பார்க்கும்போது அவள் மூச்சு நின்றது. யோரிசைப் பார்க்கும்போது, உறைபனியில் தான் ஓட்டிய காலைகள் அவளுக்கு நினைவு வந்தன.

கடைசிப் பந்தயம் அக்டோபரில், எங்கள் பாதையிலேயே. திபோ நாலு புள்ளி முன்னால் இருந்தான். அன்று காலை பனிமூட்டம். கிலேன் வழக்கமாக நிற்கும் இடத்தில் புதிதாக ஒரு விளம்பரப் பலகையை நட்டிருந்தார்கள். முப்பதடி தள்ளி, ஊசியிலை மரங்களின் கீழே அவள் அட்டையை மாட்டினாள்.

பன்னிரண்டாம் சுற்றில் திபோ முதலிடம், யோரிஸ் அவனுக்கு ஒட்டிப் பின்னால். அட்டையில் சொட்டு விழத் தொடங்கியது. கார்கள் திரும்பி வருவதற்குள் அட்டை முழுக்க நனைந்துவிட்டது. கையை நீட்டினாள். கையும் நனைந்தது.

"சூளை வளைவு. மழை. அட்டை முழுசா நனைஞ்சுடுச்சு" என்றாள் வாக்கிடாக்கியில்.

ரேடியோவில் திபோவின் குரல் கேட்டது. "கண்ணாடில ஒண்ணும் இல்லையே?"

"கிலேன் சொல்றா" என்றான் ஓடோன்.

"பெரியம்மாவா? சரி, வரேன்."

"நான் வரல" என்றது யோரிசின் குரல். "என் கண்ணாடி காஞ்சிருக்கு."

திபோ உள்ளே போனான். மழை டயர் மாட்டி வெளியே வந்தான். அடுத்த சுற்றில் கார்கள் தன்னைக் கடந்தபோதுதான் கிலேன் அதைக் கவனித்தாள். ஒரு காரில் கூட வைப்பர் ஓடவில்லை. சாலை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். பனிமூட்டத்தைக் குடித்த மரங்கள், காற்று அசைக்க அசைக்க, அவள் தலைமேல் சொட்டிக்கொண்டிருந்தன. இந்த மலையில் பிறந்தவள், மரம் சொட்டுவதை மழை என்று சொல்லிவிட்டாள்.

காய்ந்த சாலையில் மழை டயர் மூன்று சுற்றுக்கு மேல் தாங்காது, ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். திபோ எட்டாவதாக முடித்தான். யோரிஸ் ஜெயித்து, புள்ளியிலும் முன்னால் போய்விட்டான்.

கிலேன் அட்டையைக் கையில் பிடித்தபடியே பிட்டுக்கு நடந்தாள். இருபது நிமிட நடை. அங்கே எல்லோரும் திபோவைச் சுற்றி நின்று, ரேடியோ கெட்டதா, டயர் கெட்டதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அட்டையை நடு மேசையில் வைத்தாள். ஈர அட்டையில் ஊசியிலைகள் ஒட்டியிருந்தன.

"மரம் சொட்டினத மழைன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. வேற யாரையும் கேக்காதீங்க."

திபோ அட்டையிலிருந்து ஓர் இலையை எடுத்து, பார்த்து, கீழே போட்டான். "நீங்க சொன்னீங்க, நான் வந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓடோன் அவள் சமையலறைக்கு வந்தான். தொப்பியை மேசையில் வைத்தான்.

"அந்த ரேஸ கணக்குல சேக்க எனக்கு மனசு வரல, கிலேன். தப்பு உன்னோடது. அதுக்குப் பையனை எப்படித் தண்டிக்கிறது?"

"சேக்காத. எடுத்துடு."

"எடுத்தா திபோ நாலு புள்ளி முன்னால. நாலு புள்ளியெல்லாம் ஒரு வித்தியாசமா? யோரிஸ் சும்மா விடுவானா? நீ ஏதோ நோட்டு எழுதுறியாமே, அதைக் காட்டு."

அவள் நீல நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். வருடம் முழுக்க அவள் நின்ற வளைவுகளில் திபோ முந்தியது இருபத்தேழு. யோரிஸ் பதினாலு. ஓடோன் மெல்ல விசில் அடித்தான்.

"ரெட்டிப்பா? அப்ப முடிஞ்சுது. இதை யோரிஸ்கிட்ட காட்டினா அவனே வாயை மூடிப்பான்." தொப்பியை எடுக்கக் கை நீட்டினான்.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. சுவர்க் கொக்கியில் தங்கையின் கோப்பை தொங்கியது. ஞாயிறு தோறும் தங்கை வந்து அதில்தான் காப்பி குடிப்பாள். திபோ சிறுவனாக இருந்தபோது விளிம்பை உடைத்த கோப்பை அது. கிலேன் அதைப் பார்த்தாள். பிறகு ஓடோனின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.

"உக்காரு. இன்னொரு பக்கம் இருக்கு."

அவளே திருப்பினாள்.

"இது என்ன?"

"முந்தி அஞ்சு சுத்து ஆன பிறகும் நின்னது."

ஓடோன் விரலை வைத்துப் படித்தான். திபோ பதினொன்று. யோரிஸ் பதிமூன்று.

"மீதி பதினாறு எங்க போச்சு?"

"அவன் யாரை முந்தினானோ அவங்களே இடத்தைத் திரும்பப் பிடிச்சுட்டாங்க. திபோ பிரேக்குல டயரைக் கொன்னுட்டு நுழையறான். அப்புறம் செத்த டயரை வெச்சுக்கிட்டு எப்படிக் காப்பாத்துவான்?"

"உன் தங்கச்சி மகன், கிலேன்."

"தெரியும். ஞானஸ்நானத்தன்னிக்கு நாந்தான் தூக்கிப் பிடிச்சேன்." நோட்டை மூடினாள். "அவனை மாதிரி முந்துறவன நான் பார்த்ததில்ல. அதையும் சேத்துக்கோ. ஆனா ஒரே கார்தான்னா, ரெண்டாம் பக்கத்தைப் பாரு."

ஓடோன் போனதும் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, திபோ வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்குப் போனாள். வேறு யார் வாயிலிருந்தும் அது அவனுக்குப் போகக்கூடாது என்று நினைத்தாள். அவன் கூரையிலிருந்து ஏணியில் பாதி இறங்கி அங்கேயே நின்று கேட்டான்.

"அஞ்சு சுத்துன்னு யார் வெச்ச கணக்கு?"

"நான் வெச்சது."

"ஏன் அஞ்சு? மூணு வெச்சிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

"டயர் சாகணும்னா அஞ்சுக்குள்ள செத்துடும். அதுக்கு மேல நின்னா அது உன்னோடது."

அவன் திரும்ப மேலே ஏறிப்போய்விட்டான். தங்கை அந்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோப்பை குளிர்காலம் முழுக்கக் கொக்கியிலேயே தொங்கியது.

கார் கைக்கு வந்த யோரிஸ் மட்டும் ஒருநாள் கென்ட் நகரத்து ஊதா மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றான். "மதாம், அடுத்த வருஷமும் நீங்கதான் மழை சொல்லணும். நான் உங்களைத் தப்பா நினைச்சிருந்தேன்" என்றான். போகும்போது அவனால் சும்மா போக முடியவில்லை. "மழை வந்தா சொல்லுங்க. மரம் அழுதா நீங்களே கண்ணைத் துடைச்சு விட்டுடுங்க." கிலேன் சிரித்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அடுத்த வருடம் திபோவுக்கு லக்ஸம்பர்க் எல்லையோரத்து ஓர் அணியில் பழைய கார் ஒன்று கிடைத்தது. ஜூன் மாதம் எங்கள் பாதையில் பந்தயம். கிலேன் மரங்களைவிட்டு விலகி, வெட்டவெளியில் அட்டையை மாட்டியிருந்தாள். அன்று மழைக்கு வேலையே இல்லை. ஆறாம் சுற்றில் யோரிசுக்குப் பின்னால் திபோ வந்து சேர்ந்தான்.

அவள் புகையை எதிர்பார்த்தாள். சூளை வளைவு வந்தது, புகை இல்லை. அடுத்த சுற்றிலும் இல்லை. பக்கத்தில் பீர்க் கோப்பையோடு நின்றவன் கேட்டான்.

"உங்க பையனுக்கு என்னம்மா ஆச்சு? கல்யாணம் கில்யாணம் பண்ணிக்கிட்டானா? இப்படிப் பயந்து ஓட்டுறான்?"

அவள், பின்னால் வந்த கார் நேர்ச்சாலையில் ஒதுங்கி டயருக்குக் காற்று காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் சுற்றில், வளைவைவிட்டு வெளியேறும் இடத்தில், யோரிசின் பின் டயர் ஒரு சாண் வழுக்கியது. பழைய கார் அவன் பக்கத்தில் வந்தது, முன்னால் போனது. பீர்க்காரன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைத் தவறவிட்டான்.

கிலேன் நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டில் பென்சில் முனை உடைந்தது. பேருந்துச் சாவியால் சீவிக்கொண்டு தொடர்ந்தாள்.

பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அவள் அட்டையைக் கழற்றாமல் நின்றிருந்தாள். சேவைச் சாலையில் திபோ நடந்து வந்தான். தலைக்கவசம் கையில், முகமெல்லாம் வேர்வை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவளோடு பேசப் போகிறான். வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"நின்னுச்சா, பெரியம்மா?"

கிலேன் நோட்டைத் திறந்து, இரண்டாம் பக்கத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பதினொரு சுத்து நின்னுச்சு. அதுக்குள்ள ரேஸ் முடிஞ்சுதுன்னு கொடிய இறக்கிட்டாங்க."