நூற்று நாற்பது அட்டைக்கும் மஞ்சள்

“ஏண்டி, அந்தக் கதை உனக்கு இன்னாத்துக்கு? உன் ஊட்ல உலை கொதிக்குதா, போய்ப் பாரு!” என்று திட்டினேன், கதை கேட்டவளை. அவள் நகரவில்லை. இப்போது கோயிலுக்கு வந்த நீங்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி, பெரியபாளையத்து ஆத்தா செய்ததை மறைத்தால் பாவம். சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷம். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் அடிபட்டு, என் வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. என் மகள் வசந்தா அப்பாவுக்குப் படுக்கை மாற்றிவிட்டு, ஓடிப்போய் ரயில் பிடித்து, பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை எழுதினாள். மார்க் குறைந்துவிட்டது. அவளுக்கோ பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் மேல்படிப்பு படிக்க ஆசை.

வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், ஒரு மாப்பிள்ளையோடு வந்தார். ஊத்துக்கோட்டைக்காரன், பெண்டாட்டி செத்தவன், நாற்பது வயசு.

“சீட்டு கெடச்சா படிக்கட்டும். இல்லன்னா ஆவணில தாலி” என்றார். கிடைக்காது என்ற தைரியம் அவருக்கு.

மார்க் இல்லாதவளுக்கு இருந்த ஒரே பலம் ஓர் அட்டைக் கட்டு. அவளுடைய டீச்சர் சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் மெஷின் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போக, ஒரு வருஷம் பாடுபட்டுத் துளை போட்டது. அட்டைக்கு ஒரு கட்டளை வரி. வரிசையாக மெஷினில் விட்டால், ஆலையில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அதுவே பிரித்துக் கொடுக்குமாம். நேர்முகத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது.

முதல் நாள் சாயங்காலம் நான் அந்தக் கட்டை அவிழ்த்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்தேன். மேல் அட்டைக்கு மட்டும் வைத்தால் போதாதா? ஆத்தாவிடம் என்ன கஞ்சத்தனம் என்று நூற்று நாற்பதுக்கும் வைத்துக் கட்டிவிட்டேன்.

காலையில் பார்த்தால் எல்லாம் அப்பளம்போல நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“எம்மா, இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? மெஷினு இத்த உள்ளயே வாங்காதும்மா.”

“சாமிக்குன்னு வச்சேண்டி...”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டிலில் கிடந்தவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆலை வண்டியில் விழுந்து செத்துவிடலாமா என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

பல்கலைக்கழகத்தில் அவள் உள்ளே போனாள். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்தேன். ‘பெரியபாளையத்தாளே, தப்பு பண்ணவ நானு. எம் பொண்ண உட்டுடு, என்னப் புடி. வேப்பிலை கட்டிக்கினு உன்னச் சுத்தி வரேன்.’ அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வாய் உலர்ந்துபோனது.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். முதல் அட்டையிலேயே மெஷின் சிக்கிக்கொண்டது. நேர்முகத்துக்கு வந்த மற்றப் பையன்கள் சிரித்தார்கள். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் மட்டும் நடுவிலிருந்து ஓர் அட்டையைப் பிய்த்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, “இது என்ன வேலை செய்யும்?” என்றார். துளைகளைப் பார்த்தே இவள் சொன்னாள். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று. ஒரு மணி நேரம். மெஷின் ஒழுங்காக ஓடியிருந்தால், அது அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு, மார்க்கைப் பார்த்து ஒதுக்கியிருப்பார்கள். அவளைப் பேச வைத்தது யார்?

ஆடியில் பட்டியல் ஒட்டினார்கள். கடைசிப் பெயர் அவளுடையது. மூத்தார் அதற்குப் பிறகு வாசலை மிதிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். மகளைப் பற்றிய கவலையில்லாமல் போனார். வேப்பிலை கட்டிக் கோயிலைச் சுற்றினேன். அன்றிலிருந்து, நான் செய்வது சரியா என்று முதலில் ஆத்தாவைக் கேட்கிறேன். பிறகுதான் கையை நீட்டுகிறேன்.

அடுத்த வருஷம் தெருப் பெண்கள் மகள்களின் விண்ணப்பங்களையும் மஞ்சள் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு என் வாசலில் வரிசை கட்டினார்கள். கைராசியாம்!

“எட்டப் போங்கடி!” என்றேன். “மஞ்ச வச்சது நானு, அது கெடுத்துது. எம் பொண்ணு ஒரு வருசம் படிச்சிக்கீறா, அத்த ஆத்தா வெளிய எடுத்து வச்சா. உங்க பொண்ணுங்கள முதல்ல படிக்க உடுங்க. அப்புறம் அவகிட்ட அழுங்க. அவ கேப்பா.”