டீச்சர் வீட்டு யுத்த மெடல்

ஜெபமாலை டப்பாவுக்குள் பஞ்சு வைத்து அந்த மெடலைக் கொடுத்தார் டீச்சர். ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜா தலை, விளிம்பில் படை எண்ணும் பெயரும். இரண்டாம் உலகப் போருக்காகக் கல்கத்தா நாணயச்சாலையில் அடித்தது. நான் அப்படிப்பட்ட மெடல்களாகத் தேடிச் சேர்ப்பவன். ஆலங்குடிப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த காலம் முழுக்க அதைக் கேட்டு நச்சரித்திருக்கிறேன். சிரித்தே தட்டிக் கழித்தவர், ஓய்வுபெற்ற பிறகு தானாகவே ஆவூரில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

காரணத்தைப் பிறகுதான் சொன்னார். அவருடைய தாத்தாவின் தம்பி பர்மா சண்டைக்குப் போனவர். ஆள் திரும்பவில்லை, தபாலில் மெடல் வந்தது. இப்போது டீச்சரின் மகன் வேலை பார்க்கும் வளைகுடா ஊருக்கு மேலே ஏவுகணை பறப்பதை டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். "ஆளுக்குப் பதிலா வந்தது சார் இது. எம் மகன் இருக்கிற எடத்துல சண்டை நடக்குறப்ப இது வீட்ல இருக்க வேணாம்." படித்தவர் பேசுகிற பேச்சா என்று நினைத்தேன். ஆனால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத் தயங்கவில்லை.

ஒரு வாரம் போகவில்லை, போன் செய்தார். "நீங்க கொண்டு போன அன்னைலேருந்து மகன் போனு கெடைக்கல சார். அதத் திருப்பிக் கொண்டாந்துருங்க." புதுக்கோட்டையில் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன். வெறும் உலோகம்தானே என்று சொல்லிக்கொண்டே பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அதுவரை உறைக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. என் மகளும் அதே வளைகுடாப் பக்கம்தான் நர்ஸாக இருக்கிறாள், மெடல் இப்போது என்னிடம். போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

டீச்சர் வாசலிலேயே நின்றார். மெடலை மேசையில் வைத்துவிட்டு இருவரும் அவருடைய போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி பாதிக்கு மேல் கரைந்த பிறகு அது அடித்தது. "நெட்டு இல்லம்மா. எல்லாரும் பேஸ்மெண்ட்லதான் படுத்திருந்தோம். நல்லாருக்கேன்" என்றான் மகன். டீச்சர் வாய்விட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெடலை என் பக்கம் தள்ளினார்.

"குடுத்தது குடுத்ததுதான் சார். எடுத்துக்கங்க."

இத்தனை வருஷம் ஆசைப்பட்ட பொருள். என் கை நீளவில்லை. "எம் மக போனை எடுக்கல டீச்சர்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். மெடலை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். "இங்கயே கெடக்கட்டும். இப்பப் போட்டுப் பாருங்க."

போட்டேன். எடுத்தாள். "டூட்டில இருந்தேன்ப்பா" என்றாள். டீச்சர்தான் போனை வாங்கி, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.