புதுக் கீல்

எங்கள் வீட்டு உள்ளறைக் கதவுக்கு வாய் அதிகம். லேசாகத் தொட்டால் போதும், தெருமுனை வரை கேட்கும்படி கிறீச்சிடும். சங்கரன்கோவிலில் அந்த வாடகை வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். விருந்தாளிகள் திடுக்கிடுவார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது.

அக்கா பிரசவத்துக்கு வந்த பிறகுதான் அது தொந்தரவாயிற்று. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டாகியிருந்தாள். அதற்குள் புளியங்குடியில் மாமியார் வீட்டில் அவள் கேட்காத பேச்சில்லை. இங்கே நிறைமாத வயிற்றோடு கொஞ்சம் கண்ணயர்ந்தால் யாராவது கதவைத் திறப்பார்கள்; பதறி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அப்பா தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார், மெழுகுவர்த்தி தேய்த்துப் பார்த்தார். கீலே துருவேறித் தேய்ந்துபோயிருந்தது. மாற்றினால்தான் உண்டு. அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, கதவு நிலையில் கை வைக்கக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றாள். அப்பா சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. இதற்கெல்லாம் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆடித்தபசுத் திருவிழா அன்று அம்மா கோயிலுக்குக் கிளம்பிப் போனதும் அப்பா பரணிலிருந்து புதுக் கீலை எடுத்தார். எப்போதோ வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்.

"மாத்திருங்கப்பா. கொஞ்சமாச்சும் தூங்குதேன்" என்றாள் அக்கா.

கதவு சாயாமல் நான் பிடித்துக்கொண்டேன். நிலை பழைய தேக்கு; திருகாணியை உள்ளே விடவில்லை. அப்பா ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்துத் துளை போட்டார்.

அம்மா வந்து தள்ளியதும் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவள் முகம் செத்துவிட்டது. கோயிலிலிருந்து பிரசாதமாகக் கொண்டுவந்த புற்றுமண் அத்தனையையும் அக்காவின் வயிற்றில் பூசினாள். அன்றைக்கு அக்கா அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

அந்த மாதமே ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை இறந்து பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "எம் மவ வயித்துலல்லா ஆணி அடிச்சிட்டிய."

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா கொடி சுற்றிய கதையைச் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவு பழையபடி கத்தியது. துருப்பிடித்த கீலையே திரும்பப் பூட்டியிருந்தார். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எனக்கு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

அடுத்த தடவை பிரசவத்துக்கு அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. புளியங்குடியிலேயே பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். கிணற்றடியில் அப்பா வெகுநேரம் கை கழுவினார். அக்கா குழந்தையை நீட்டினாள்.

"வாங்குங்கப்பா."

"இருக்கட்டும்மா. கையெல்லாம் அழுக்கு" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

பெண்ணாகப் பிறந்ததால்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை.