கீழறையானின் குரல்

என் கணவன் ஆர்னல்ட் ஹாவொர்த்தைப் பற்றி, வட இங்கிலாந்தில் எங்கள் நெல்சன் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டரைப் பார்த்து எழுதிவருவது அவன் வேலை. குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். போகிற வீட்டில் தனியாக இருக்கும் கிழவி யாராவது நிலக்கரி வாளியோடு தடுமாறினால், வாங்கி அடுப்பருகில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவான். அவனைப் பெற்றவளின் வாளியை மட்டும் ஒருநாள் தூக்கவில்லை.

அவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை 'விண்கரை'. சனிக்கிழமை மாலைகளில் வந்துகொண்டிருந்த தொலைக்காட்சித் தொடர் அது. வானவெளியின் ஓரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். அதில் ஒரு காவலர். வழி தவறிய கப்பலிலிருந்து யார் கூப்பிட்டாலும் காவலர் போயாக வேண்டும். எதிரி கூப்பிட்டாலும் போக வேண்டும், சாவே காத்திருந்தாலும் போக வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதே கதையைப் புதிது புதிதாக எடுத்துக் காட்டினார்கள், இவனும் அலுக்காமல் பார்த்தான். "மனுஷன் எப்படி இருக்கணும்னு எனக்குக் கத்துக்குடுத்ததே இதுதான் டோரீன்" என்று என்னிடம் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கும். எனக்கு அந்தக் கண்ணைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் காலத்தில் ஒளிபரப்பிய நிகழ்ச்சியை மறுபடி பார்க்க வழியில்லை. அதனால் ஆர்னல்ட் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி, டி.வி.யின் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்து ஒலியை மட்டுமாவது பிடித்து வைத்தான். பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. யாராவது வாயைத் திறந்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆள்காட்டி விரலை உதட்டில் வைப்பான். அவன் அம்மா எல்சிக்கு அதில் கஷ்டமில்லை. எங்களைப் போலத் தறி ஓட்டிய பெண்களுக்குச் சத்தமில்லாமல் பேச வரும். ஆலை இரைச்சலில் காது எங்கே கேட்கிறது? உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசுவோம், எதிரில் இருப்பவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். தறிக்காரியின் பிள்ளை என்பதால் ஆர்னல்டுக்கும் அது படிக்க வரும். சனிக்கிழமை மாலையில் அவனுக்குத் தேநீர் வேண்டுமா என்பதைக்கூட எல்சி உதட்டாலேயே கேட்பாள்.

அறுபத்தேழாம் வருஷக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எல்சி நிலக்கரி எடுக்க நிலவறைக்கு இறங்கினாள். படியில் கால் வழுக்கி, வாளியோடு அடியில் போய் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆர்னல்டுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சின்னப் பிள்ளை என்று யாரும் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். அவன் எழவில்லை. காவலர் அன்று யாரையோ காப்பாற்றப் போய்க்கொண்டிருந்தார். அவர் காப்பாற்றி முடித்து, பெயர்களெல்லாம் ஓடி, இசை ஓய்ந்த பிறகு மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். வந்தவன் சொன்ன முதல் வார்த்தை, "கத்திட்டியேம்மா, டேப்புல விழுந்திருக்கும்" என்பது.

எல்சி அதற்கப்புறம் ஊன்றுகோல் இல்லாமல் நடந்ததில்லை. தறியும் போயிற்று. இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் நான் மருமகளாக வந்தேன். மாமியார் வழுக்கி விழுந்தார் என்று மட்டும் சொன்னார்கள்.

கொஞ்ச காலத்தில் ஒரு செய்தி வந்தது. ஒளிபரப்பிய நிறுவனம் இடம் அடைக்கிறது என்று பழைய விண்கரை நாடாக்களையெல்லாம் அழித்து, அதன்மேலேயே குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டதாம். ரசிகர்கள் சாவு விழுந்த வீடு போல ஆனார்கள். அழிந்ததில் அந்தச் சனிக்கிழமைக் கதையும் ஒன்று. அதன் ஒலி உலகத்திலேயே ஆர்னல்டிடம் மட்டும்தான் இருந்தது. அன்று முதல் அவன் பெரிய மனிதன். கிளிஃப் ரிஷ்டன் என்ற வங்கிக்காரர் தலைவராக இருந்த ரசிகர் சங்கத்தில், ஆர்னல்டுக்கு முன்வரிசையில் நிரந்தர நாற்காலி போட்டார்கள்.

சங்கத்தார் அந்த நாடாவைத் தேயத் தேயக் கேட்டார்கள். அதில் ஒரு இடத்தில் காவலர் கலங்கரையின் கீழறைக்கு இருட்டில் இறங்குகிறார். பேச்சு கிடையாது, வெறும் ரீங்காரம். நடுவில் திடீரென்று ஏதோ விழுகிற சத்தம். பிறகு நீளமாக ஒரு முனகல். அந்தக் கதையை அன்று பார்த்திருந்தவன் சங்கத்தில் ஆர்னல்ட் மட்டும்தான். படம் இல்லாமல் ஒலியை மட்டும் கேட்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கீழறையில் ஒரு ஜந்து இருந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். கீழறையான் என்று பெயரும் வைத்தார்கள். அது எந்தக் கிரகத்திலிருந்து வந்தது, எதைத் தின்னும், ஏன் அழுகிறது என்று கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள். ஒருவன் களிமண்ணில் செய்துகூடக் கொண்டுவந்தான். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கத்துக்குப் பதிலாக அந்த முனகல்தான். ஆண்டு விழாவில் யார் நன்றாக முனகுகிறார்கள் என்று போட்டி வேறு.

ஒருமுறை சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எல்சி ஊன்றுகோலை ஒரு கையிலும் கேக் தட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்த நேரம், எல்லோரும் சேர்ந்து முனகினார்கள். கிழவி அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருக்கு வலிக்குது?" என்றாள்.

வீடே சிரித்தது. "உங்கம்மா சரியான ஆளுப்பா ஆர்னல்ட்!" என்று கிளிஃப் அவன் முதுகில் தட்டினார். ஆர்னல்டும் சிரித்தான்.

பாத்திரம் கழுவும்போதுதான் எல்சி எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். "அது என் குரல் டோரீன். என் குரல் எனக்குத் தெரியாதா? உடைஞ்ச எலும்பு உரசறப்ப வந்த சத்தம் அது."

"அவங்ககிட்ட சொல்லிடலாம் அத்தை."

"அவனா சொல்லட்டும். நானா சொன்னா அதுல என்ன இருக்கு?"

அவனிடம் நான் சண்டை போட்டேன். "உங்கம்மாவோட வலியை வச்சு விளையாடறாங்க, வாயைத் திறந்து சொல்லேன்" என்றேன். அவன் அமைதியாக, "சொன்னா கீழறையானே இல்லன்னு ஆயிடும் டோரீன். அவங்க மனசு உடைஞ்சு போயிடும்" என்றான். அவர்கள் மனசாம்! எல்சி வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அவன் வாயே திறக்கவில்லை.

எண்பத்து நான்கில் சைப்ரஸ் நாட்டு டி.வி. நிலையத்தின் கிடங்கில் அந்தக் கதையின் படச்சுருள் அகப்பட்டது. சங்கம் ஒரு தேவாலயக் கூடத்தை வாடகைக்கு எடுத்து அதைத் திரையிட்டது. எல்சி தானும் வருவேன் என்று நின்றாள். "அன்னைக்குக் கீழ படுத்துக்கிட்டு கேட்டதோட சரி. ஒரு தடவை பாத்துடறேன்" என்றாள். சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப் போனேன். ஆர்னல்ட் முன்வரிசையில், மடியில் புது கேசட் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்தான்.

படம் ஓடியது. காவலர் கீழறைக்கு இறங்கினார். கூடம் முழுக்க முனகத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டது. காவலர் விளக்கை ஏற்றினார். அறை காலியாக இருந்தது. விழுகிற சத்தமும் இல்லை, முனகலும் இல்லை. அவர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எல்லோரும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கிளிஃப் எழுந்தார். "வெட்டிட்டானுங்க! வெளிநாட்டுல பயங்கரமான இடத்தையெல்லாம் வெட்டித்தானே காட்டுவானுங்க!" எல்லோருக்கும் உயிர் திரும்பி வந்தது. ஆமாம், வெட்டித்தான் இருப்பார்கள். கிளிஃப் ஆர்னல்ட் பக்கம் திரும்பினார். "நீங்கதான் கண்ணால பாத்தவரு. சொல்லுங்க, அன்னைக்குக் கீழறையான் வந்துச்சா இல்லையா?"

ஆர்னல்ட் எழுந்தான். என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்க்கவில்லை.

"வந்துச்சு" என்றான்.

கைதட்டல் ஓயும்வரை எல்சி பொறுத்திருந்தாள். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற குரலில், "அது நான்தான்" என்றாள்.

நிலக்கரி, படி, இடுப்பு, மேலே எரிந்த சிவப்பு விளக்கு என்று ஒன்று விடாமல் சொன்னாள். அழவில்லை. இப்போதாவது யாராவது அவன் சட்டையைப் பிடிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். முன்வரிசையில் ஒரு தடியன் விசும்ப ஆரம்பித்தான். ஒருவனுக்காவது ஈரம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

"அப்போ கீழறையானே கிடையாதா?" என்றான் அவன்.

பின்னாலிருந்து ஒரு பெண் துள்ளி எழுந்தாள். "ஏன் கிடையாது? இதோ உக்காந்திருக்காங்களே! இவங்கதான் கீழறையான்!"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டினார்கள். எல்சியைச் சுற்றி மொய்த்தார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், சட்டையில் சங்கத்தின் வில்லையைக் குத்திவிட்டார்கள். கிளிஃப் அவள் முன்னால் மண்டியிட்டு, "பாட்டிம்மா, ஒரே ஒரு தடவை, எங்களுக்காக அந்த முனகலைப் பண்ணிக் காட்டுங்களேன்" என்றார். மனுஷ ஜென்மங்கள்தானா என்று இருந்தது. நாற்காலியைத் திருப்பி வெளியே தள்ளப் போனேன். எல்சி சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"பண்றேன். ஆனா அன்னைக்கு முனகினதுக்கப்புறம் ஒரு பேரும் சொன்னேன். டேப்புல அதைக் காணோம். அவனே வெட்டிட்டான் போல."

எனக்கு அது அன்றுதான் தெரியும்.

கூடம் அடங்கியது. ஆர்னல்டின் மடியில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். எல்சி கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். போட்டியில் பரிசு வாங்கிய ஒருவனுக்கும் அது வந்ததில்லை. பிறகு, "ஆர்னல்ட்" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் விட்டு, "ஆர்னல்ட்... வாடா" என்றாள்.

அவன் எழவில்லை. ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தான்.

எல்சி பழக்கம் விடாமல் சட்டென்று குரலை நிறுத்திக்கொண்டாள். அப்புறம் தறிக்கூடத்தில் பேசுவது போல உதட்டை மட்டும் அசைத்தாள். அந்தக் கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவனும்தான். "இன்னும் வலிக்குதுடா" என்றாள்.

அவன் படித்தான். படித்துவிட்டு, ஒலி சரியாகப் பதிகிறதா என்று குனிந்து ரெக்கார்டரின் முள்ளைப் பார்த்தான்.