கல்லறை வாசலில் கூடவும்

என் பீரோவின் கீழ்த்தட்டில், பழைய போலீஸ் பெல்ட்டுக்கு அடியில், ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த பக்கத்தின் நகல். மூன்று வரிசையாக ஆண்களின் பெயர்கள், பக்கத்தில் தேதிகள். ஒரு பெயரைச் சுற்றி மட்டும் வால் நீண்ட ஒரு வட்டம். அடியில் ஒரே ஒரு வரி: ‘ஞாயிறு காலை கல்லறை வாசலில் எல்லோரும் கூடவும்.’ ஓய்வு பெற்ற பிறகு எத்தனையோ காகிதங்களை எடைக்குப் போட்டுவிட்டேன். இதைப் போட மனம் வரவில்லை, வைத்திருக்கவும் நிம்மதியில்லை.

அப்போது நான் பழவேற்காடு பக்கம் ஒரு ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். வளைகுடா நாடு ஒன்றில் குண்டு வைக்கத் திட்டமிட்ட கும்பலைத் தேடிப் போன அந்த ஊர் போலீஸ், ஒரு விடுதி அறையைச் சோதனை போட்டது. தேடிய ஆள் தப்பிவிட்டான். அதே அறையில் தங்கி மீன்பிடிப் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த நம்ம ஊர்க்காரர் மாட்டிக்கொண்டார். அவர் சட்டைப் பையில் இந்தத் தாள். பெயர்கள், தேதிகள், கல்லறையில் கூட்டம் என்று அங்கே யாரோ மொழிபெயர்த்துச் சொன்னால் எந்த போலீஸ்தான் சும்மா விடும்? நானாக இருந்தாலும் பிடித்து உட்கார வைத்திருப்பேன். அவர்கள் கேள்வி அந்தத் தாளின் நகலோடு டெல்லிக்கு வந்து, சென்னைக்கு வந்து, பொன்னேரி வழியாக எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பெயர்கள் யாருடையவை, இந்தப் பட்டியல் எதற்கு? மேலே ‘ரகசியம்’ என்று முத்திரை.

எங்கள் இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. யோசனை வந்தால் ஸ்டேஷனுக்கும் வாசல் வேப்பமரத்துக்கும் நடந்துகொண்டே இருப்பார். அன்றைக்கும் நடந்தபடியே என்னிடம் சொன்னார். “நாலு நாட்டு போலீசு சேந்து பாக்கற கேசும்மா. தாளை யாருக்கும் காட்டாத. ஆள் மாட்டிக்கினான்னும் சொல்லாத. பேரை மட்டும் நோட்ல எழுதிக்கினு போய் விசாரி.”

போனேன். நான் அனுப்பம்பட்டுக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். பத்து மைல் தள்ளிப் பிறந்த எனக்கு ஏரியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்த மனிதரின் குப்பத்தில் வீடு வீடாக நின்று பெயர்களைப் படித்தேன். இந்தப் பெயர்களை ஒன்றாக எழுதி வைக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டேன். ஊரே ஒரே வாயாக, தெரியாது என்றது. கடைசி வீட்டில் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த அக்கா தலைகூட நிமிரவில்லை. நான் படித்த பெயர்களில் அவள் புருஷன் பெயரும் இருந்தது.

“அப்படி ஒரு லிஸ்டே எங்க ஊர்ல இல்லம்மா. யாரோ உனுக்குத் தப்பா சொல்லிகிறாங்க.”

அதை அப்படியே எழுதினேன். ‘பட்டியலின் நோக்கம் ஊரில் யாருக்கும் தெரியவில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பதில், கேள்வி வந்த வழியே திரும்பிப் போனது. கூட்டாளிகள் மறைக்கிறார்கள் என்று அங்கே புரிந்துகொள்ளப்பட்டதாகப் பிறகு தெரிந்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு காலையில் அதே அக்கா ஸ்டேஷன் படியேறி வந்தாள். வாராவாரம் பூத்துக்கு போன் செய்கிற புருஷனிடமிருந்து சத்தமே இல்லை, கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றாள். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே மனு எழுதக் காகிதம் நீட்டினேன். அவளே எழுதினாள். எழுதி முடித்து, புருஷன் பெயரைச் சுற்றி வால் நீட்டி ஒரு வட்டம் போட்டாள்.

“இதான் அவரு பேரு. பாத்துக்கோ.”

மனுவையும் ஜெராக்ஸ் தாளையும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடினேன். ஐயா இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பொண்டாட்டிக்கிட்ட இன்னாம்மா ரகசியம்? வர்றது வரட்டும், கூப்புடு.”

அக்கா தாளை வாங்கி அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“நான்தான் எழுதினேன். அவருக்கு லெட்டர்ல வச்சி அனுப்பினேன்.”

அது பாடுப் பட்டியல். ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கிற இடங்களில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடிப் போட்டுக்கொள்கிற முறைதான் பாடு. கூடுகிற இடம் ஒல்லாந்தர் கல்லறை வாசல், டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல் தூண்களுக்குப் பக்கத்தில் நல்ல நிழல் உண்டு. வெளிநாடு போனாலும் அவருக்குப் பாடு உண்டு, மச்சான் போய் வலை போடுவான். தன் முறை என்றைக்கு என்று தெரிந்துகொள்ள மாதாமாதம் தாள் கேட்பாராம். அங்கிருந்து என்ன செய்ய முடியும்? அன்றைக்கு ஏரியை நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

“அப்ப ஏங்க்கா தெரியாதுன்னு சொன்ன?”

“பக்கத்து ஊருக்கும் எங்களுக்கும் பாடுத் தகராறு, பொன்னேரி கோர்ட்ல கேசு நடக்குது. போலீசு கேட்டா வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஊர்க் கட்டு. நீ அதுக்குத்தான் வந்தேன்னு நெனச்சோம். இந்தத் தாளைக் காட்டியிருந்தா என் கையெழுத்து எனுக்குத் தெரியாதா?”

இரண்டு மாதம் அவர் கம்பிக்குள் கிடந்ததில் பாதி என் நோட்டில் இருந்தது, மீதி அவள் நாக்கில் இருந்தது. அவளும் அது தெரிந்துதான் அழுதாள். ஐயா அன்றே ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி, கல்லறைத் தூணைப் படம் பிடித்துச் சேர்த்து, தானே பொன்னேரிக்கு எடுத்துப் போனார். ரகசியத்தை உடைத்ததற்கு மெமோ வாங்கினார். அதற்குப் பிறகும் பதில்கள் நாடு நாடாகப் போய் வர, அந்த மனிதர் வீடு வந்து சேர ஒரு மழைக்காலம் கழிந்தது.

போன மாதம் இந்தத் தாளை அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று குப்பத்துக்குப் போனேன். இப்போது அது எல்லோர் செல்போனுக்கும் ‘பாடுப் பட்டியல்’ என்று தலைப்பு போட்டே வருகிறதாம். அக்கா தன் பழைய கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். நரைத்துப்போன அவள் புருஷன் தாளைத் தொடவே இல்லை. பேச்சை மாற்ற, “இந்த மாசம் உங்க பாடு என்னிக்குண்ணா?” என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். “நம்ம பொண்ணுதான், சும்மா சொல்லு” என்றாள் அவள்.

கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“எனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

தாளை மடித்துத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.