புளி போட்டு மினுக்கிய ஐம்பது கோதுகள்

குணம் அண்ணை காலமான செய்தி ஸ்டோவ்னர் போகும் ரயிலில் எனக்கு வந்தது. அவருடைய மனைவி தவம் அக்கா, "அவர் போயிட்டார்" என்றார். சுரங்கம் வந்து தொடர்பு அறுந்தது. பேச்சற்ற போனுக்கு இரண்டு தடவை "ஓம்" சொல்லிவிட்டு, நான் இறங்கவேண்டிய நிலையம் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யுத்தத்துக்குப் பயந்து இந்தப் பனி நாட்டுக்கு ஓடிவந்த நம்மில், காசு கொடுத்துத் துவக்கு வாங்கியவர் அவர் ஒருவர்தான். பொலிஸ் அனுமதி கொடுத்தது. நாம்தான் கடைசிவரை கொடுக்கவில்லை. கடதாசி இலக்கைத் தவிர அவர் எதையும் சுட்டதில்லை.

சுடுவதைவிட அதற்கு முந்திய வேலையே அவருக்குப் பிரியம். சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை, மருந்தும் குண்டும் நிரப்பி மறுபடி சுடுவதற்காகப் பொறுக்கி வந்து, புருசெத் வீட்டுக் குசினியில் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியில் ஊறவைப்பார். கழுவிக் காயவைத்து, நீளம் அளந்து, கூடியதைச் சீவி, தராசில் நிறுத்து, ஒரே எடையானவற்றை ஒன்றுசேர்ப்பார். "ஐசே, குண்டு நேராப் போறது துவக்காலை இல்லை, இதாலை." ஜன்னலோரம் ஐம்பதும் வரிசையாக நிற்கும். வெளியே பனி கொட்டும். அந்தச் சின்னப் பொன்வெளிச்சத்தில், தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல் எத்தனையோ பின்னேரங்கள் மிதந்து போயின.

ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு துவக்குச் சுடும் கழகத்தின் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. போட்டிக்கு முதல் நாள் நான் ரோல்ஸ் கொண்டுபோனேன். நம் வீடுகளில் ஓவன் என்பது பெரிய சட்டிகள் வைக்கும் அலுமாரி. சட்டிகள் வெளியே இருந்தன. ஆகவே உள்ளே ஒன்றுமில்லை என்று நம்பி, ரோல்ஸ் வைக்குமுன் சூடேறட்டும் என்று, திறந்து பாராமலே ஓவனை உச்சச் சூட்டில் போட்டேன். மறுநாள் போட்டிக்கென்று கழுவிய ஐம்பது கோதுகளும் உள்ளே காய்ந்துகொண்டிருந்தன.

நெடுநேரம் கழித்துக் கோதுகளை வெளியே எடுத்தபோது, "நல்லாத்தானே கிடக்குது?" என்றார் அக்கா.

"ஓம், நல்லாத்தான் கிடக்கு. அதுதான் பயம்" என்றார் அண்ணை.

சூட்டில் பித்தளை இளகியிருந்தால் வெடி முகத்துக்குத் திரும்பும். இளகியதா என்பது கண்ணுக்குத் தெரியாது.

"வேறை இல்லையோ அண்ணை?"

"கிடக்கு. அளக்காததுகள். அதுகளோடை போனா மற்றவையின்ரை புள்ளியும் என்னாலை போகும்."

குறட்டால் ஐம்பதையும் நசித்தார். கழகத்துக்குப் போன் எடுத்து, தன்னுடைய கவனக்குறைவு என்றார். பிறகு என்னிடம், "ரோல்ஸை வையும். ஓவன் சூடாத்தானே இருக்கு" என்றார்.

அணியில் அந்த இடம் மறுபடி அவருக்குக் கிடைக்கவில்லை. "குணம் தோட்டா அவிச்சவர்" என்று இங்குள்ள நம்மவர் நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவித்தவன் நான்.

நசிந்த கோது ஒன்று என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் ஓவனைப் போடுமுன் கதவைத் திறந்து பார்க்கிறேன். சட்டிகளை எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.